துப்பாக்கி உறையில் இருக்கும்போதே முடிவாகிற சண்டை

வாசகர் கேள்விகளுக்கு, ஆயுதப்படையில் சேர்ந்து, பின்னர் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஆயுதப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர் பதில் சொல்கிறார்.

சில அடி தூரத்தில், நேருக்கு நேர் நடக்கும் மோதலுக்குப் போலீஸ்காரர்களை எப்படிப் பழக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்தன. கோபமாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ரவுடியைக் காலில் சுட்டுப் பிடித்தார்கள் என்று ஒரு நாள் செய்தி வருகிறது. இன்னொரு நாள், சுட்டதில் இறந்துவிட்டார் என்று வருகிறது. எல்லோரையும் காலிலேயே சுட்டால் என்ன? பயிற்சியில் இதைச் சொல்லித் தருவதில்லையா மேடம்? (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்)

ஐயா, அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். உங்களைத் தாக்க ஒருவர் பத்தடி தூரத்திலிருந்து ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடம்பில் ரொம்ப அசைகிற பாகம் கால்தான். மார்பும் வயிறும் அவ்வளவு அசைவதில்லை, பரப்பும் பெரியது. அதனால்தான் உயிராபத்தைத் தடுக்கச் சுடுவதென்றால் நடு உடம்பைக் குறி வையுங்கள் என்று பெரும்பாலான நாடுகளில் கற்பிக்கிறார்கள். காலுக்கு வைத்த குண்டு தவறினால் தரையில் பட்டுத் தெறிக்கும். சிமென்ட் தரை, தார் ரோடு என்றால் அது எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவருக்கே தெரியாது.

இன்னொன்று, கால் என்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்ற நினைப்பு. தொடையில் பெரிய தமனி ஓடுகிறது. அது அறுந்தால் ரத்தம் நிற்காமல் சில நிமிடங்களிலேயே ஆள் போய்விடலாம். முழங்கால் சிதைந்தால் காலத்துக்கும் ஊனம். காலில் சுடுவதும் சுடுவதுதான். ஜெர்மனியில் சட்டமே, தாக்க முடியாமலோ தப்ப முடியாமலோ ஆக்குவதற்கு மட்டும்தான் ஒருவரைச் சுடலாம் என்கிறது. அங்கேயும் அது கடைசி வழியாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. கூட்டத்தைக் கலைக்கச் சுட நேர்ந்தால் தாழ்வாகக் குறி வைக்க வேண்டும் என்று நம் போலீஸ் விதிகள் சொல்கின்றன. அது ரைபிளோடு, வரிசையாக, மேலதிகாரியின் உத்தரவுக்குப் பிறகு சுடுவதற்கு எழுதப்பட்டது. ஒரு ஆளை ஒரு போலீஸ்காரர் கைக்கெட்டும் தூரத்தில் சந்திப்பது வேறு சமாசாரம். (கூட்டத்துக்கான அந்த விதி தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று எப்படிக் காற்றில் விடப்பட்டது என்பதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கையில் படிக்கலாம். போலீஸ் வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.)

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகக் காலைக் குறி பார்க்கும் அளவுக்கு நேரமும் தூரமும் இருந்தது என்றால், சுடாமலே முடித்திருக்க இடம் இருந்ததா என்ற கேள்வியை அந்த அதிகாரியிடம் கேட்டே ஆக வேண்டும். வகுப்பில் நான் கேட்பேன்.

கத்தி வைத்திருந்த ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களை வெட்டியதாகப் படித்தேன். இருவரிடமும் துப்பாக்கி இருந்ததாம். துப்பாக்கிக்கு முன்னால் கத்தி எம்மாத்திரம்? (கோவையிலிருந்து ஓர் இன்ஜினியர்)

கிட்டத்தில் கத்தி எந்த விதத்திலும் சளைத்ததில்லை, தம்பி. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்றுநராக இருந்த டென்னிஸ் டூலர் என்பவர் இதைக் கடிகாரம் வைத்தே பார்த்து 1983-ல் எழுதினார். ஒரு சாதாரண ஆள் 21 அடி தூரத்தை ஓடிக் கடக்க ஒன்றரை விநாடி போதும். நன்றாகப் பழகிய போலீஸ்காரர் உறையிலிருந்து பிஸ்டலை எடுத்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே ஒன்றரை விநாடி ஆகிறது. பட்டன் போட்ட உறை, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா ஏற்றாத பிஸ்டல் என்றால் இன்னும் கூடும். அதோடு, குண்டு பட்ட ஆளும் உடனே நின்றுவிட மாட்டார். ஓடி வந்த வேகத்திலேயே வந்து வெட்டிவிடலாம்.

இந்தக் கணக்கு உலகம் முழுக்கப் போலீஸ் பயிற்சிக்குள் புகுந்தது. புகுந்த பிறகு ஒரு கெட்டது நடந்தது. 21 அடிக்குள் கத்தியோடு யார் வந்தாலும் சுடலாம் என்று ஒரு விதியே இருப்பதுபோல அமெரிக்காவில் பல இடங்களில் பேச ஆரம்பித்தார்கள். டூலர் எழுதியது, உங்களுக்கு நேரம் போதாது, முன்கூட்டியே சுதாரியுங்கள், தள்ளி நில்லுங்கள், மறைவு தேடுங்கள் என்ற எச்சரிக்கை. அதை அனுமதிச் சீட்டாக்கிவிட்டார்கள். 2016-ல் பெர்ஃப் என்ற அமெரிக்கப் போலீஸ் ஆய்வு அமைப்பு, 21 அடி விதி என்ற பேச்சைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த அமைப்பு அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகளை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போய், டலியாலன் போலீஸ் கல்லூரியில் பயிற்சியைக் காட்டியது. ஸ்காட்லாந்துப் போலீஸில் மிகப் பெரும்பாலோரிடம் துப்பாக்கியே கிடையாது. அவர்களுக்கும் கத்தி வைத்திருக்கும் ஆட்கள் வருகிறார்கள். பின்னால் நகர்கிறார்கள், நடுவில் எதையாவது வைக்கிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கேடயத்தோடு கூடுதல் ஆட்கள் வரும்வரை காத்திருக்கிறார்கள். அவசரமே படுவதில்லை.

நான் இதை ரப்பர் கத்தியில் சாக்பீஸ் தேய்த்துக் கற்றுக்கொடுப்பேன். ஒரு பயிற்சிக் காவலர் கத்தியோடு ஓடி வருவார், இன்னொருவர் வெற்றுப் பிஸ்டலை உருவ வேண்டும். முதல் தடவை எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று உருவப் பார்ப்பார்கள். சட்டை முழுக்க வெள்ளைக் கோடு விழும். அப்புறம் நடுவில் ஒரு மேஜையைப் போடுவேன். எதுவும் சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவையே புத்திசாலிகள் மேஜையைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். அந்த ஐந்தாறு விநாடியில் "கத்தியைக் கீழே போடு" என்று சொல்ல வாய் வரும், சக காவலர் பக்கவாட்டில் வர முடியும். துப்பாக்கி உறையை விட்டு வராமலே முடிந்துபோகிற சம்பவங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. ரோட்டில் மேஜைக்கு எங்கே போவது என்பார்கள். ஜீப் இருக்கிறது, நிறுத்தியிருக்கிற பைக் இருக்கிறது, கடை வாசல் பெஞ்சு இருக்கிறது. இறங்கும்போதே பார்த்துவைக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பயிற்சியை முதலில் ஆரம்பித்தது யார்? ராணுவமா, போலீஸா? (தஞ்சாவூர் வாசகர்)

போலீஸ்தான், அதுவும் சீனாவில். ஷாங்காய் நகரில் வெளிநாட்டினர் நிர்வகித்த குடியிருப்புக்கென்று ஒரு முனிசிபல் போலீஸ் இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள், சீனர்கள், பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் எல்லாம் அதில் வேலை பார்த்தார்கள். 1907-ல் அதில் சேர்ந்த வில்லியம் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயர்தான், சைக்ஸ் என்ற சகாவோடு சேர்ந்து, பழைய முறையைத் தூக்கிப் போட்டவர். பழைய முறை என்றால், அசையாமல் நின்று, ஒரு கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரத்து வட்டத்தை நிதானமாகச் சுடுவது. ஷாங்காய் சந்துகளில் கடத்தல்காரனும் கொள்ளைக்காரனும் அப்படிக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. பன்னிரண்டரை ஆண்டுகளில் அந்தப் போலீஸ் ஆயுதம் தாங்கிய குற்றவாளிகளை 666 தடவை எதிர்கொண்டதாக அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் சில அடி தூரம், இருட்டு, படிக்கட்டு.

அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. புதிதாகச் சேர்ந்தவரை இரண்டு கஜ தூரத்தில் ஆள் உயர இலக்குக்கு முன்னால் நிறுத்திப் பயிற்சியை ஆரம்பித்தார்கள். கிட்டத்தில் பிஸ்டல் மேலுள்ள குறிகாட்டியைப் பார்க்க நேரமிருக்காது. உடம்பை முழுக்க எதிராளி பக்கம் திருப்பி, பிஸ்டலை நடுக்கோட்டில் உயர்த்து என்றார்கள். தவறி வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டி கேட்சை ஆணியடித்ததுபோல நிரந்தரமாக முடக்கிவிட்டு, சேம்பரைக் காலியாக வைத்துச் சுமக்கச் சொன்னார்கள். எடுக்கும்போதே பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். பதற்றத்தில் ஒரு சின்ன லீவரைத் தேடுவதைவிட, முழுக் கையால் இழுப்பது சுலபம் என்பது அவர்கள் கணக்கு. கடைசியாக ஒரு மர்ம வீடு கட்டினார்கள். மங்கல் வெளிச்சம், நடைபாதை, திடீர்ச் சத்தம், எதிர்பாராத இடத்தில் கிளம்பும் உருவங்கள். இன்று அமெரிக்காவில் குவாண்டிகோவில் எஃப்பிஐ 1987-ல் திறந்த ஹோகன்ஸ் ஆலி என்ற செட் ஊர், லண்டன் போலீஸ் கிரேவ்சென்டில் கட்டியிருக்கும் போலித் தெருக்கள் எல்லாம் அந்த வீட்டின் வாரிசுகள்.

ஆனால் தஞ்சாவூர்க்காரரே, கதையை இத்தோடு நிறுத்தினால் பாதிதான். 1925 மே 30 அன்று அதே ஷாங்காய் போலீஸ், நான்கிங் சாலையில் லௌசா ஸ்டேஷன் வாசலில் திரண்ட சீன மாணவர் கூட்டத்தின்மேல் சுட்டது. பலர் செத்தார்கள். சீனா முழுக்கக் கொந்தளிப்பு எழுந்தது, இன்றும் அந்தத் தேதி அங்கே பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கூட்டத்தைச் சுடாமல் கையாளத் தனி ரிசர்வ் பிரிவை ஃபேர்பேர்ன் பயிற்றுவித்தார். சந்தில் சுடக் கற்பித்த அதே படைக்கு எப்போது சுடக்கூடாது என்று கற்பிக்கத் தனியாக ஒரு பிரிவு தேவைப்பட்டது என்பதை நான் ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லியிருக்கிறேன். மர்ம வீட்டைப் பற்றிச் சொன்னால் கண்கள் விரியும், நான்கிங் சாலையைச் சொல்லும்போது தலைகள் குனியும். இரண்டையும் ஒரே பீரியடில்தான் சொல்ல வேண்டும்.

ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானம்) நல்ல ஸ்கோர் எடுப்பவர்கள் நேரில் தவறவிடுகிறார்கள் என்கிறீர்கள். ஏன்? தோட்டாக் கூடுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே செத்த அமெரிக்கப் போலீஸ்காரர் கதை உண்மையா? (பயிற்சியில் இருக்கும் எஸ்.ஐ., பெயர் வேண்டாம் என்கிறார்)

அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1970 ஏப்ரல் 5 நள்ளிரவையொட்டிக் கலிஃபோர்னியாவில் நியூஹால் என்ற இடத்தில், நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் நான்கு பேர் சில நிமிடங்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நால்வரும் 25 வயதுகூட ஆகாத பையன்கள். அவர்களில் ஒருவர் ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எதிராளி பக்கத்தில் வந்து சுட்டுவிட்டான். ரேஞ்சைச் சுத்தமாக வைக்க, காலிக் கூடுகளைக் கையில் பிடித்துப் பாக்கெட்டில் போடும் பழக்கம் அவருக்கு இருந்தது, சாகும்போதும் கூடுகள் பாக்கெட்டில் இருந்தன என்று உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் சொன்னார்கள். பின்னால் ஆவணங்களைத் தேடிப் படித்தவர்கள், கூடுகள் தரையில்தான் கிடந்தன என்று காட்டிவிட்டார்கள். அதனால் தம்பி, அந்தக் கதையை இனி யாருக்கும் சொல்ல வேண்டாம். செத்தவர் மேல் செய்யாத தப்பைச் சுமத்துவது நியாயமில்லை.

கதை பொய்யாகப் போனாலும் அன்று நடந்தது பொய்யில்லை. அவர்கள் பழகியது மெல்லிய அடி கொடுக்கிற தோட்டாவில், வேலைக்குக் கொண்டுபோனது பலமாக உதைக்கிற மேக்னம் தோட்டாவை. எதிராளிகள் இருவர் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது எப்படி நெருங்குவது என்று உருப்படியான பயிற்சி இல்லை. இரண்டாவது ஜோடி வந்து சேர்வதற்குள் முதல் ஜோடி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு காரை நெருங்கும் முறையை அடியோடு மாற்றினார்கள். ரிவால்வருக்கு ஆறு தோட்டாவையும் ஒரே அமுக்கில் நிரப்பும் ஸ்பீட்லோடர் வந்தது.

சரி, உங்கள் முதல் கேள்வி. பயம் உச்சத்துக்குப் போனால் பார்வை குறுகிவிடும். எதிராளியின் கை மட்டும் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் நிற்கிற குழந்தை தெரியாது. பக்கத்தில் வெடித்த துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. விரல் நுனிகள் சொன்னபடி கேட்காது. எத்தனை ரவுண்டு சுட்டோம் என்று எண்ணிக்கை மறந்துபோகும். ரேஞ்சில் சிவப்புக் கொடி ஏற்றி, "ஃபயர்" சொன்ன பிறகு சுடுகிறவருக்கு இதில் ஒன்றுமே நடப்பதில்லை.

இது எவ்வளவு தூரம் போகிறது என்றால், நியூயார்க் போலீஸ் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்டதில் 18 சதவீதம்தான் பட்டது. திருப்பிச் சுடாதபோதும் 30 சதவீதம்தான். மீதிக் குண்டுகள் எங்கே போயின என்று யோசியுங்கள். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, ஒருவரைக் கொன்றுவிட்டு நடந்துபோன ஆளை இரண்டு போலீஸ்காரர்கள் மிகக் கிட்டத்தில் எதிர்கொண்டு 16 குண்டு சுட்டார்கள். அவன் துப்பாக்கியை நீட்டினான், சுட்டது நியாயம்தான், அவனும் செத்தான். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த 9 பேருக்குக் காயம். அத்தனையும் போலீஸ் குண்டும் அதன் சிதறலும். அந்த நடைபாதை இருந்த இடத்தில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டையும் பூக்கடையையும் வைத்துப் பாருங்கள்.

பயிற்றுநரிடம் கேட்டு வாங்க வேண்டிய பயிற்சி இது: ஓடிவிட்டு மூச்சிரைக்கச் சுடுவது, ஒற்றைக் கையால் சுடுவது, சுட்ட பிறகு தலையைத் திருப்பி இருபுறமும் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடாமல் நிறுத்துவது. மூன்று இலக்குத் தாள்களிலும் ஒரே முகம், ஒரே சட்டை. ஒரு தாளில் கையில் பிஸ்டல், இன்னொன்றில் செல்போன், மூன்றாவதில் பர்ஸ். இந்தத் தாள்களை நானே பெயின்ட் வாங்கி வரைந்தேன். பிஸ்டல் தாளைத் தவறவிட்டவருக்கு மதிப்பெண் குறையும். செல்போன் தாளைச் சுட்டவருக்கு அன்றைய முழு ஸ்கோரும் சைபர். வட்டத்தில் நடுப்புள்ளியைத் துளைக்கிற சூரர்கள் பலருக்கு அன்று சைபர்தான் கிடைத்தது. கோபப்பட்டார்கள். சைபர் என்று எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கித்தான் அனுப்பினேன்.

சினிமாவில் குண்டு பட்டவுடன் ஆள் பறந்து போய் விழுகிறாரே? (சேலத்திலிருந்து பிளஸ் டூ மாணவர்)

பறக்க மாட்டார். ஆளைத் தூக்கி எறிகிற அளவு உந்துவிசை அந்தக் குண்டுக்கு இருந்தால், சுடுகிறவரும் அதே விசையோடு பின்னால் எறியப்பட வேண்டும். பிசிக்ஸ் வாத்தியாரைக் கேளுங்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ ஆட்களோடு மோதிய இரண்டு கொள்ளையரில் ஒருவனுக்கு 12 காயங்கள். ஆரம்பத்திலேயே நுரையீரலைத் துளைத்த குண்டு பட்ட பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். ஒரு குண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து வேலைக்கு வருகிறவர் தனக்கும் ஆபத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

"போலீஸாரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட முயன்றார், தற்காப்புக்காகச் சுட்டோம்." இதே வாசகம் ஊர் ஊராக வருகிறது. நெருக்கமான தூரத்துப் பயிற்சி என்று நீங்கள் சொல்வது இதற்கு உதவத்தானா? (சென்னையிலிருந்து சட்டக் கல்லூரி மாணவி)

கேட்டதற்கு நன்றி அம்மா. மழுப்பாமல் சொல்கிறேன். கைதியின் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தது என்றால், பறித்தாரா இல்லையா என்ற விசாரணைக்கு முன்னால் இன்னொரு விசாரணை இருக்கிறது. துப்பாக்கி ஏன் அங்கே இருந்தது?

பயிற்சியில் நாங்கள் முதல் வாரத்திலேயே சொல்வது இதுதான். யாரிடம் பேசினாலும் துப்பாக்கி உள்ள இடுப்பு அவருக்கு எட்டாத பக்கம் இருக்க வேண்டும். கைதியைப் பிடித்து அழைத்துப் போகிறவரிடம் கைத்துப்பாக்கி இருக்கக் கூடாது, அதைச் சற்றுத் தள்ளி வருகிறவர் வைத்திருக்க வேண்டும். பிஸ்டலுக்குக் கயிறு எதற்குக் கொடுத்திருக்கிறார்கள்? உறையில் ஏன் பூட்டு மாதிரி வைத்திருக்கிறார்கள்? ஒரு கையில் பிஸ்டலையும் இன்னொரு கையில் ஆளின் சட்டையையும் பிடிக்கவே கூடாது. ஒரு கை இறுகினால் மற்றக் கையின் விரலும் தன்னால் இறுகும், ட்ரிக்கர் அழுந்திவிடும். அதனால்தான் சுட முடிவெடுக்கும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே நேராக நீண்டிருக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். யாராவது உறையில் கை வைத்தால் அந்தக் கையின்மேல் தன் கையை அழுத்தி, இடுப்பைத் திருப்பி விடுவிப்பது தனிப் பாடம். பாயில் போட்டு, நீலக் கலர் ரப்பர் துப்பாக்கியோடு, வியர்க்க வியர்க்கப் பழக்க வேண்டிய பாடம்.

ஆக, பறித்தார் என்று ஒரு அறிக்கை வந்தால் இரண்டில் ஒன்றுதான். அது நடந்தது என்றால் பயிற்சியும் மேற்பார்வையும் தோற்றிருக்கின்றன, யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அது கொலை. இரண்டிலும் பதக்கம் கொடுக்க ஒன்றுமில்லை.

ஹைதராபாத் வழக்கைச் சட்ட மாணவி நீங்கள் படித்திருப்பீர்கள். 2019 டிசம்பர் 6 அதிகாலையில், கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் கைதான நான்கு பேரை, சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியைப் பறித்தார்கள், கல்லெறிந்தார்கள், சுட்டார்கள் என்பது போலீஸ் சொன்னது. மக்கள் பூத்தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், போலீஸ் சொன்னதை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்று 2022-ல் வெளியான அறிக்கையில் சொன்னது. பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூன்று பேர் 18 வயது ஆகாதவர்கள் என்றும் கண்டது. அந்த மூவர் ஆணையத்தில் ஒருவர் டி.ஆர். கார்த்திகேயன், சிபிஐ இயக்குநராக இருந்தவர். போலீஸ் வேலை தெரியாதவர்கள் எழுதிய அறிக்கை என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்க அந்தப் பிரிவு உரிமை தரவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46-வது பிரிவு, அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 43. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் கொல்லலாம் என்றும் இதற்கு அர்த்தமில்லை. தேவையான பலம் என்ற வரம்பு அங்கேயும் நிற்கிறது. தற்காப்பு உரிமை போலீஸுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான், யூனிஃபார்ம் போட்டால் கூடுவதில்லை. 2014 செப்டம்பர் 23 அன்று பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் லோதாவும் நாரிமனும் வகுத்த வழிமுறைகள் இருக்கின்றன. மோதலில் யாராவது இறந்தால் எஃப்ஐஆர் போட வேண்டும், வேறு ஸ்டேஷனோ சிஐடியோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சுட்டவர் ஆயுதத்தைத் தடயவியல் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், உடனடியாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இதைப் போலீஸுக்கு எதிரான தீர்ப்பு என்று ஸ்டேஷனில் பேசுவார்கள். நேர்மையாகச் சுட நேர்ந்த காவலருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. அவர் ஒப்படைக்கிற துப்பாக்கியே அவருக்குச் சாட்சி சொல்லும்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இந்தப் பயிற்சியைச் சரியாகக் கொடுத்தால் அந்த வாசகத்தை எழுதவே முடியாது. யாராவது எழுதினால் அவரிடம் பயிற்சிப் பதிவேட்டை எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

போலீஸ் தேர்வு எழுதப் போகிறேன். எனக்குக் கை சின்னது. துப்பாக்கி பிடிக்க முடியாது என்று அண்ணன் கேலி செய்கிறான். (திருநெல்வேலியிலிருந்து)

எனக்கும் சின்னக் கைதான் கண்ணு. 303 ரைபிளின் பின்கட்டை (பட்) தோளில் உதைத்து நீலம் பாரித்துத்தான் எங்கள் பேட்ச் பெண்கள் எல்லோரும் கற்றோம். தோளில் இடைவெளி விடாமல் இறுக்கி வைத்தால் உதை தள்ளலாக மாறிவிடும், அடியாக விழாது. இது தெரிந்த பிறகு யாரும் அழவில்லை.

பிஸ்டலுக்கு மூன்று விஷயம் பார். பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடி. ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை ட்ரிக்கரில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் கையைத் திருகி எட்டவைக்காமல் பயிற்றுநரிடம் சொல். இப்போது வருகிற சில பிஸ்டல்களில், க்ளாக் நான்காம் தலைமுறை மாதிரி, பிடியின் பின்பக்கத்தைக் கழற்றிச் சிறிது பெரிது மாற்றலாம். மூன்றாவது, இடது கை சும்மா தாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பிடியின் பெரும்பகுதி பலம் இடது கையிலிருந்துதான் வர வேண்டும், அப்போதுதான் வலது ஆள்காட்டி விரல் இலகுவாக இருக்கும்.

சேர்ந்த பிறகு, பயிற்றுநர் முன்னால் காலித் துப்பாக்கியில் ட்ரிக்கர் இழுத்துப் பழகு. தோட்டா அடுக்கிய மேகஸினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பார்த்த பிறகு. பேரல் (குழல்) மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அது விழாமல் ட்ரிக்கரை இழுக்க வேண்டும். தோட்டாச் செலவு கிடையாது, வருடத்துக்குக் கொடுக்கிற ரவுண்டு போதவில்லை என்ற புலம்பலும் இதில் பாதி தீரும். சின்னக் கைக்காரர்கள் இதில் சீக்கிரம் தேறுவதைப் பார்த்திருக்கிறேன், பலத்தை நம்பி ட்ரிக்கரைப் பிடுங்குகிற பழக்கம் அவர்களிடம் இருப்பதில்லை.

இப்போதைக்கு வீட்டில் ஒரு பழைய டென்னிஸ் பந்தை எடுத்துத் தினமும் இரண்டு கையாலும் மாறி மாறி அமுக்கு. ஓட்டத்தை விட்டுவிடாதே, உடல்தகுதித் தேர்வில் முதலில் கழித்துக்கட்டுவது அங்கேதான். கண்ணாடி போடுகிறாயா என்று எழுதவில்லை. போட்டால் அறிவிப்பில் உள்ள பார்வைத் தகுதியை இன்றைக்கே படித்துவிட்டு எனக்கு எழுது.